லியில் முடிகிற சொற்கள்

கோல கெட்டில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன்.
பிரதிக்குப் பத்துக் காசு,
மலாய்க் கடிதம் ஐந்து வெள்ளி,
ஆங்கிலம் எட்டு.
கூட மூன்று வெள்ளி எதுக்கு என்பார்கள்.
லிக்கு என்பேன்.

அர்ஜென்ட்லி. சிவியர்லி. கிரிட்டிகலி.
ஒரு வினைச்சொல்லின் பக்கத்தில் நிறுத்தினால் போதும்,
விழுந்து புரண்டு அழுதுவிட்டு வரும்.
அகராதியில் அந்தப் பக்கங்களுக்கு மட்டும்
காது மடித்திருக்கிறேன்.
டயாலிசிஸ் போகிறவருக்கு ஒன்று,
சிவப்பு ஐசிக்காரருக்கு ஒன்று,
ஆள் பார்த்துக் கொடுப்பேன்.

ஆறாங்கட்டை லயத்தில் குழாய் நின்றபோது
ரெங்கய்யா வந்தார்.
"தண்ணி வரல" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
கோலாலம்பூரில் பதினேழாம் மாடியில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கு
இரண்டு சொல் எப்படிப் போதும்?
அர்ஜென்ட்லி போட்டேன்.
கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில்.
சிவியர்லி போட்டேன்.
பரிசீலனையில் உள்ளது.
மூன்றாம் முறை,
சாவு வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததை
எடுத்தேன்:
டெஸ்பரட்லி.
பதிலே இல்லை.

என்னிடமும் அதற்கு மேல் சொல் இல்லை.

அடுத்த வாரம் ரெங்கய்யா வரவில்லை,
சடையம்மா வந்தாள்.
செம்பனை முள் கிழித்த முழங்கை,
இடுப்பில் செருகிய கையுறை.
"எங்க பேர்ல என்னதான் எழுதின? படி."
படித்தேன்.
"அந்த டெஸ்பரட்லி என்னாது?"

கதறிக்கொண்டு என்று சொல்லலாமா,
இவர்கள் யாரும் கதறவில்லை.
நிர்க்கதியாய்?
அது மேடையில் மைக் பிடித்தவர்கள் சொல்.
"வேற வழியே இல்லாம" என்றேன்.
"வழியில்லாதவ எதுக்கு எட்டு வெள்ளி குடுத்துக்
கடுதாசி போடுறா?"

தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.
"எல்லாத்துக்கும் வால்ல ஒரு கொக்கி தொங்குது.
லி லின்னு வேற படிக்கிற."
அது ஆங்கில இலக்கணம் என்றேன்.
"நம்மகிட்டயும் இருக்கே. கூலி. வலி."
கொஞ்சம் நின்று,
"வேலி. போன மாசம் போட்டானுங்க, ஆத்துப் பக்கமா."

பிறகு அவள் சொன்னாள், நான் அடித்தேன்.
பதினொரு வீடு.
இருபத்து மூன்று நாள்.
தண்ணீர் லாரி செவ்வாய்க்கிழமை மட்டும்,
அதுவும் பாதி டாங்கி.
கோயில் கிணற்றில் மருந்தடிக்கும் டின் மிதக்கிறது.
யோகமலரின் பிள்ளை பிறந்து ஒன்பது நாள்,
குளிப்பாட்டியது போத்தல் தண்ணீரில்,
ஒன்றரை லிட்டர், இரண்டு வெள்ளி இருபது.
வேலி அடித்த அன்று
மேனேஜர் பங்களாவின் புல்லுக்கு
ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.
நான் பார்த்தேன்.

"நான் பார்த்தேன்ங்கறத நல்லா போடு."
கிளியர்லி என்று விரல் போனது.
இழுத்துக்கொண்டேன்.

அச்சில் வந்த தாள் இன்னும் சூடு.
அவளுக்கு ஆங்கிலம் தெரியாது,
கொக்கியைத் தெரிந்துகொண்டுவிட்டாள்.
கடைசி வரிக்குப் போய் நகத்தை வைத்தாள்.
"இங்க ஒன்னு விட்டுட்ட."

யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி.

"அது எல்லாக் கடுதாசியிலயும் வர்றதுக்கா.
தங்கள் விசுவாசமுள்ள, அப்படின்னு அர்த்தம்."
"யாருக்கு?"
நான் பேசவில்லை.
"எடு."

எடுத்தேன்.
பெயருக்கு மேலே
இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை.
கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள்,
தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்ற எழுத்து,
டை மட்டும் பெரிசு.

எட்டு வெள்ளி நீட்டினாள்,
ஐந்தை எடுத்துக்கொண்டேன்.
மீதியை எண்ணிப் பார்த்துத்தான் மடியில் முடிந்தாள்.

இன்று வியாழன்.
தபால் வண்டி மூன்று மணிக்கு.